காற்று இறக்கிய சக்கரங்கள்

பெரிய வியாழன் காலை. ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் மண்டியிட்டு மகன் காற்றை இறக்கிக்கொண்டிருந்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்னும் சிற்றூர்; 2023 ஏப்ரல் 6. அவ்வூர் வணிகர் சங்கம் 1967-இல் ஒருநாள் உலாவாகத் தொடங்கிய ‘ஈஸ்டர் ஜீப் சஃபாரி’, இன்று உயிர்ப்பு ஞாயிறன்று நிறைவுறும் ஒன்பது நாள் திரளாக வளர்ந்துள்ளது. புனித வாரத்தில் பாறைமீது வண்டியேற்றும் விளையாட்டா என்று முதல் நாளே முகம் சுளித்தோம். ஆனால் அந்தச் சுளிப்புக்கு வேறொரு காரணமும் இருந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், மதுரைப் பெண்ணொருத்தியை மணக்க விரும்புவதாக மகன் வந்து சொன்னான். அவள் நம் மறையைச் சாராதவள். ஆயரின் விதிவிலக்குப் பெற்று ஆலயத்திலேயே மணமுடிக்கத் திருச்சபையில் வழியுண்டு எனப் பங்குத்தந்தை எடுத்துரைத்தார். நாம் செவிசாய்க்கவில்லை. ஆயர் தரக்கூடிய அனுமதியைத் தந்தை தர மறுத்துவிட்டோம். இருவரும் பதிவு அலுவலகத்தில் மணந்துகொண்டனர். துணைவியார் மட்டும் போய் வந்தார். அதன்பின் கிறிஸ்து பிறப்பு நாளில் தொலைபேசியில் இரண்டு நிமிடப் பேச்சு. உறவு என்று எஞ்சியது அவ்வளவே. துணைவியாரின் வற்புறுத்தலால் இப்போது விமானம் ஏறி வந்திருந்தோம். வந்து மூன்று நாளாகியும் மருமகளிடம் நேரே ஒரு சொல் பேசியிருக்கவில்லை.

மகனின் வண்டி அவன் கையாலேயே உருவானது. இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த கூடு, இரண்டு இருக்கை, நாற்பது அங்குல உயர டயர்கள். இந்த டயர்களைத் தேர்ந்தெடுக்க ஓராண்டு யோசித்தானாம். நம் ஊர் லாரிக்காரர்கள் நைலான் டயர் என்று சொல்லும் வகையில் இழைகள் குறுக்குமறுக்காகப் பின்னியிருக்கும்; பக்கச்சுவர் எளிதில் கிழியாது, எளிதில் வளையவும் செய்யாது. ரேடியலின் பக்கச்சுவர் நன்றாக வளையும். கூரிய கல் பட்டால் கிழிபடும் அபாயமும் அதற்கு அதிகம். போட்டிக்கென்றே செய்யும் மிக மென்மையான ரப்பரோ பாறையை விடாது பற்றும். ஆனால் விரைவில் தேய்ந்துபோகும். சில மைல் தார்ச்சாலையிலும் ஓட்டவேண்டியிருந்ததால் மகன் ரேடியலையே தெரிந்துகொண்டான்.

அங்குள்ள மணற்பாறைக்கு ‘ஸ்லிக்ராக்’, அதாவது வழுக்குப்பாறை என்று பெயர். முற்காலத்தில் குடியேறியவர்களின் குதிரைகள், இரும்பு இலாடத்தோடு அதன்மேல் நடக்க முடியாமல் வழுக்கியதால் வந்த பெயராம். அதே பாறை ரப்பருக்குச் சொரசொரப்பாக இருக்கிறது. இரும்பு வழுக்குமிடத்தில் ரப்பர் நிற்கிறது.

பிரிட்செட் கான்யன் என்னும் பள்ளத்தாக்குத் தடத்தில் நுழைந்தோம். சதுர அங்குலத்துக்குப் பதினைந்து பவுண்டாக இருந்த காற்றை மகன் எட்டுக்கு இறக்கியிருந்தான். கணக்கு எளியது. சக்கரம் ஒன்றின்மீது ஏறத்தாழ ஆயிரம் பவுண்டு பாரம். அதில் பெரும்பகுதியைத் தாங்குவது காற்றுதான். ஆகவே அழுத்தம் பாதியானால் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஓட்டுபவன் கண்ணுக்குத் தன் சக்கரத்தின் அடி தெரியாது. எனவே ஒருவர் முன்னே பாறைமேல் நின்று கையசைத்து வழிகாட்டவேண்டும். நின்றவள் மருமகள். இடுப்புயரப் பாறைப்படி ஒன்றில் முன்சக்கரங்கள் ஏறின. பின்சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றன. ரப்பர் கருகும் நெடி எழுந்தது. வண்டி பக்கவாட்டில் சாய, அருகே பள்ளம் தெரிந்தது. “மிதி தம்பி, நல்லா மிதி!” என்று கத்தினோம்.

அவன் மிதிக்கவில்லை. உலர்ந்த பாறையில் வேகத்தைக் கூட்டினால் வண்டி துள்ளும். துள்ளி விழும்போது அச்சு முறியும். மெல்லப் பின்வாங்கி இறங்கினான். பின்சக்கரங்களில் இன்னும் இரண்டு பவுண்டு காற்றை வெளியேற்றினான். “மாமா, கையை உள்ளே வச்சுக்குங்க,” என்ற மருமகள், விரல்களால் இடப்பக்கம் காட்டினாள். மீண்டும் ஏறியபோது எட்டிப் பார்த்தோம். டயர் பாறையின் விளிம்பில் மடிந்து, கல்லின் வடிவத்தையே வாங்கிக்கொண்டிருந்தது. நத்தை போல வண்டி மேலேறி நின்றது.

“இவ்வளவு காற்றை இறக்கினா டயர் கழண்டுடாதா?” என்று கேட்டோம். நான்கு ஆண்டுகளில் அவனிடம் நாம் கேட்ட முதல் உண்மையான கேள்வி அதுவாகத்தான் இருக்கவேண்டும். அவன் சக்கரத்தின் வெளிப்புறத்தைக் காட்டினான். டயரின் உள்விளிம்பை ரிம்மோடு சேர்த்துக் கவ்வியிருந்தது ஓர் உலோக வளையம். அதைச் சுற்றிலும் முப்பத்திரண்டு போல்ட்டுகள். பீட்லாக் என்று அதற்குப் பெயர். “இது இல்லாம ஆறு பவுண்டுல ஓட்டினா, டயர் ரிம்மை விட்டு வெளிய வந்துடும்ப்பா. இங்க இறுக்கமா இருந்தாத்தான் அங்க தளர்வா விடலாம்,” என்றான்.

அவன் டயரைப் பற்றித்தான் பேசினான். கேட்டவர்க்கோ நெஞ்சில் முள் தைத்தது. விசுவாசத்தில் உறுதி என்று நாம் கொண்டாடியதெல்லாம் எங்கே இருந்தது? பற்றவேண்டிய விளிம்பிலா, பிள்ளையின் வாழ்வைத் தொடும் இடத்திலா? திருச்சபை தன் விளிம்பைத் தளர்த்தாமலே அந்த இளைஞர்க்கு இடம் கொடுக்க முன்வந்தது. வளையாதிருந்தவர் நாம். ஆலயத்தை விட்டு அவர்களை விலக்கியது பதிவு அலுவலகமன்று என்பதை அந்தப் பாறைமேல் அமர்ந்துதான் ஒப்புக்கொண்டோம்.

தளர்வே எங்கும் நன்றென்று சொல்லவும் வரவில்லை. தடம் முடிந்து தார்ச்சாலை தொடங்குமிடத்தில் மகன் வண்டியை நிறுத்தினான். காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடினால் சுற்றுக்குச் சுற்று மடிந்து சூடேறிச் சிதைந்துவிடும். மீண்டும் காற்றடைத்தே தீரவேண்டும். சிறிய காற்றடிப்பான் இரைந்தது. ஒரு சக்கரத்துக்கு வெகுநேரம் பிடித்தது. மாலைத் திருப்பலியில் பாதம் கழுவும் சடங்கு இருக்கிறதென்று துணைவியார் காலையில் நினைவூட்டியிருந்தார், நேரமாகிக்கொண்டிருந்தது.

நான்காவது சக்கரத்தருகே அளவுமானியோடு குனிந்திருந்தாள் மருமகள். முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் அவளருகே மண்டியிட்டு, குழாயை வாங்கிக்கொண்டோம்.

“எவ்வளவு வைக்கணும், அம்மா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிறிது நேரம் விடை வரவில்லை.

“பதினஞ்சு, மாமா,” என்றாள்.