வேப்பமரத்தடிக்கு விடாத ரீச்சர்

எங்கள் பாலர் பாடசாலை முற்றத்தில் பெரிய வேம்பு ஒன்று நிற்கிறது. மதிலுக்கு அப்பால் திருகோணமலை உள்துறைமுகம். சீனன்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்கள் தெரியும். இப்படியொரு இடத்தில், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளை உள்ளே இருத்திப் புள்ளிக்கோட்டின் மேல் ‘அ’ எழுத வைத்தவள் நான். தெரியாமல் செய்திருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம். தெரிந்தே செய்தேன்.

பயிற்சி வகுப்பில் நான் கெட்டிக்காரி. நாலு வயதில் மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் ஏறக்குறையப் பாதிதான் எலும்பாகத் தொடங்கியிருக்கும், மிச்சம் இன்னும் குருத்தெலும்பு என்று படித்திருக்கிறேன். அந்தக் கைக்குப் பென்சில் பாரம். மண் அள்ளுவதும் விதை பொறுக்குவதும்தான் அதற்குப் பயிற்சி. 1950களில் டென்மார்க்கில் எலா ஃப்ளாட்டாவ் என்ற பெண், பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போனதையும், மரியா மொன்ரிசோரி உலகப் போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கிச் செடிகொடியை வைத்தும் படிப்பித்ததையும், 1944இல் கொழும்புக்கு வந்து பயிற்சி கொடுத்ததையும் சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கினேன். (மொன்ரிசோரியின் பெயர் இப்போது ஊரெல்லாம் பெயர்ப்பலகையில் தொங்குகிறது. பலகையோடு சரி.)

வாடைமழைக்கு வேம்பின் கீழ் தண்ணீர் தேங்கும். ஒரு நவம்பரில் சில பிள்ளைகள் தென்னம்பாளை ஒன்றைக் கப்பலாக்கி, சிரட்டை சிரட்டையாக மண் ஏற்றினார்கள். ஆறாவது சிரட்டைக்குப் பாளை ஒருபக்கம் சரிந்தது. ஒரு பொடியன் மண்ணில் பாதியை வழித்து மற்றப் பக்கம் போட்டான். கப்பல் நிமிர்ந்தது. “இன்னும் ஒண்டு ஏத்தலாம்” என்றான். “ஏலாது, தாழும்” என்றாள் பக்கத்தில் நின்ற பிள்ளை. எண்ணிக்கை, பாரம், சமநிலை, வாக்குவாதம் எல்லாம் அந்தச் சேற்றில் நடந்துகொண்டிருந்தன. நான் போய், “சீ, ஊத்தை! நுளம்பு கடிச்சால் டெங்கு வரும், உள்ளுக்கு வாங்கோ” என்று கலைத்தேன். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவிய பிறகு அந்தச் சாட்டு எப்போதும் கைவசம் இருந்தது. விளையாடி முடிந்ததும் சிரட்டைகளைக் கவிழ்த்து, தண்ணீரை வாய்க்காலில் வெட்டிவிட்டால் போதும் என்று எனக்குத் தெரியாதா?

வருடத்துக்கொருமுறை பிரட்றிக் கோட்டைக்கு மான் பார்க்கக் கூட்டிப்போவேன். அங்கேயும் வரிசையில் கைகட்டி நிற்க வேண்டும். மான் புழுக்கையைக் கையில் எடுத்து “ஆட்டுப் புழுக்கை மாதிரிக் கிடக்கு” என்ற பிள்ளைக்கு என்னிடம் கிடைத்தது அதட்டல்.

இதைவிடக் கேவலமானது என் பயிற்சிக் கோப்பு. ‘விளையாட்டின் மூலம் கற்றல்’ என்று ஒரு முழுத் தவணைக்குரிய படங்கள் அதில் இருக்கின்றன. அத்தனையும் ஒரே காலையில் எடுத்தவை. பிள்ளைகளுக்குச் சட்டையை மாற்றி மாற்றி மரத்தடியில் இருத்தினேன். படம் எடுத்து முடிந்ததும் கொப்பியைக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். அந்தக் கொப்பிகளிலும் நேரான எழுத்தெல்லாம் நான் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதியவை.

தாய்மார் கேட்டார்கள் என்று சொல்லித் தப்பலாம். கேட்டார்கள்தான். ஜனவரியில் முதலாம் வகுப்பு, பிறகு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில், அவர்களுக்கும் பயம். ஆனால் ஒரு தாய், “வெளியில விளையாடட்டும் ரீச்சர்” என்று வந்து சொன்னபோதும் நான் விடவில்லை. பிள்ளைகள் தங்கள்பாட்டில் விளையாடும்போது எனக்கு வேலையே இல்லாததுபோல இருக்கும். றோட்டால் போகிற சனம், ரீச்சர் சும்மா நிற்கிறா என்று நினைக்கும். கரும்பலகைக்கு முன்னால் நின்றால் அந்தக் கூச்சம் இல்லை. எந்தப் பிள்ளை எதில் முட்டுப்பட்டு நிற்கிறது என்று பார்த்து, வாயைத் திறக்காமல் காத்திருப்பது பெரிய வேலை. அது எனக்குக் கைவரவில்லை, கற்றுக்கொள்ளவும் மெனக்கெடவில்லை. என்னை ரீச்சராகக் காட்டிக்கொள்ளப் பிள்ளைகளின் முற்றத்தைப் பறித்தேன்.

போன மாதம் சந்தையில் பழைய பிள்ளை ஒன்றின் தாய் மறித்தார். “உங்களிட்டப் படிச்சபடியால்தான் ரீச்சர், அவன் ஸ்கூலில எழுத்துக்குக் கஷ்டப்படேல்ல” என்றார். சந்தோஷம் என்று சொல்லி, அவர் வாங்கித் தந்த மாம்பழப் பையையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.