ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்ப்பவர்

மந்தாரக்குப்பத்தில் ஷெட் வைத்திருக்கும் அந்த மெக்கானிக், நெய்வேலிச் சுரங்கத்தில் கனரக வண்டிகளைப் பராமரித்து ஓய்வுபெற்றவர். ஆயில் மாற்றினால் பழைய ஃபில்டரைத் தூக்கி எறிய மாட்டார். இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்து வடியவிட்டு, காலையில் வெட்டுவார்.

"ஹாக்சா பிளேடு ஆகாது சார். அறுக்கிற தூளே உள்ள விழும். அப்புறம் எது இன்ஜின் தூள்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பைப் கட்டர் மாதிரியான கருவியை ஃபில்டரின் விளிம்பில் பொருத்தி, ஒரு சுற்றுக்குக் கொஞ்சமாக இறுக்கினார். தூள் விழாமல் தகரம் வெட்டுப்பட்டுக் கழன்றது. உள்ளே ரப்பர் வால்வு, ஸ்பிரிங், ஓட்டைபோட்ட இரும்புக் குழாய், அதைச் சுற்றி மடிப்பு மடிப்பாகக் காகிதம். காகிதத்தைக் கத்தியால் அறுத்தெடுத்து, துணியில் சுற்றி வைஸில் நசுக்கி, வெள்ளைத் தட்டில் வெயில் படும்படி விரித்தார்.

பாலித்தீன் சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டினார். ஒட்டினால் இரும்பு: ரிங், சிலிண்டர், கேம் இவற்றில் ஏதோ தேய்கிறது. மினுங்கியும் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம், பிஸ்டன் பக்கம் பார்க்க வேண்டும். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு போய்விட்டது என்று பொருள். விரலில் பொடியும் கறுப்புத் துகள் வெறும் கரி. புது இன்ஜினின் முதல் ஃபில்டரில் கொஞ்சம் உலோகத்தூள் இருப்பது இயல்புதான்.

அன்றைய ஃபில்டர் சுரங்க ஓரம் தினமும் ஓடும் வாடகைக் காருடையது. காந்தத்தில் மெல்லிய சாம்பல் படலம் அப்பியது. பெரியவர் இன்ஜினைத் தொடவில்லை. நேரே ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். கிளிப் உடைந்திருந்தது. காற்றுக் குழாயின் உள்சுவரில் செம்மண் கோடு.

"கிளிப் போடாம எத்தனை நாளா ஓட்டுற தம்பி?"

"தெரியலண்ணே."

நெய்வேலியில் கிளிப் இல்லாமல் ஓட்டுவது சாதாரண விஷயம் அல்ல. 1957 மே 20 அன்று நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரியின் முகம் தெரிய 1961 ஆகஸ்ட் ஆனது. மேலே கிடந்தது கடலூர் மணற்கல். மண்வெட்டும் ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்களின் பற்களையே அது தேய்த்தது. அந்த மணலின் குவார்ட்ஸ் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. அதே புழுதியைச் சுவாசித்தால் சிலிண்டர் என்ன ஆகும்?

ஆயில் ஃபில்டருக்கும் எல்லை உண்டு. மிக நுண்ணிய தூசி காகிதத்தைத் தாண்டிப் போய்விடும். அதை அறிய எண்ணெய் மாதிரியை ஆய்வகத்தில் சோதித்து, சிலிக்கான் அளவைப் பார்க்க வேண்டும். பெரிய இயந்திரங்களுக்கு அப்படிச் செய்கிறார்கள். சாதாரணக் கார்க்காரருக்கு வெட்டிய ஃபில்டரே போதுமான சாட்சி என்பது என் கருத்து. அந்தக் காருக்குத் தேவைப்பட்டது ஒரு கிளிப்பும் புது ஏர் ஃபில்டரும்தான். அடுத்த ஃபில்டரையும் வெட்டிப் பார்ப்பதாகப் பேச்சு.

வடிந்த எண்ணெயைப் பெரியவர் மூடி போட்ட டிரம்மில் சேர்க்கிறார். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. சாக்கடையில் ஊற்றக் கூடாது. அடுத்த முறை ஆயில் மாற்றும்போது, பழைய ஃபில்டரை உங்கள் கண்முன் வெட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.