ரசீது இல்லாதவர்களின் ஓட்டு

என்னை 'சிண்டிகலிஸ்ட்' (கட்சியைவிடச் சங்கமே பெரிது என்பவன்) என்று முதலில் திட்டியவர், எனக்கு மார்க்சியம் சொல்லிக்கொடுத்த தோழர்தான். எங்கள் ஆலையில் சம்பளப் பேச்சுவார்த்தை முடியும் தறுவாயில் இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கும் கோரிக்கையை விட்டுவிட்டால் சம்பளத்தில் கூடுதலாகத் தருவதாக நிர்வாகம் தூதுவிட்டிருந்தது. விடக் கூடாது என்று கட்சியின் மேல்கமிட்டி முடிவெடுத்தது. தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவின்படியான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் தொழிலாளிகளிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன்.

"தோழர், ஓட்டுக்கு விட்டா ஒப்பந்தத் தொழிலாளிங்களைக் கைகழுவிடுவாங்க. இதெல்லாம் சிண்டிகலிசம்" என்றார்.

கோபத்தோடு புத்தகங்களைப் புரட்டினேன். 1921 மார்ச்சில் நடந்த ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சியின் பத்தாவது மாநாட்டில் போய் நின்றது தேடல். உலோகத் தொழிலாளியான ஷ்லியாப்னிகோவும் அவருடைய கட்சித் தோழர் கொலந்தாயும், தொழில் நிர்வாகம் சங்கங்களின் கைக்கு வர வேண்டும் என்று வாதாடினார்கள். க்ரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்தில் மாலுமிகள் கிளர்ந்தெழுந்திருந்த நேரம் அது. மாநாடு ஷ்லியாப்னிகோவ், கொலந்தாய் இருவரின் கருத்தைச் சிண்டிகலிச, அனார்கிஸத் திரிபு என்று தீர்மானம் போட்டு ஒதுக்கியது. கட்சிக்குள் கோஷ்டிகளையும் தடை செய்தது. உள்நாட்டுப் போரால் ஆலைகள் பாதி காலியாகிக் கிடந்த நாட்டில் கட்சியும் உடைந்துவிடுமோ என்று லெனினுக்குப் பயம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் நெருக்கடி தீர்ந்த பிறகும் தடை தீரவில்லை என்பதை எங்கள் கட்சி வகுப்பில் யாரும் சொன்னதில்லை. (சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சாரியாவைப் பற்றியும்தான். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோது உடனிருந்தவர், பின்னாளில் அனார்கிஸ்டாகிவிட்டார். எங்கள் வகுப்பில் அவர் தாஷ்கண்டோடு காணாமல் போய்விடுவார்.)

வாக்கெடுப்பு நடந்தது. எதிர் டீக்கடை பெஞ்சை நிமிர்த்தி வைத்து மறைப்பு. மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின்தான் பெட்டி. ஷிப்டு விட்டு வந்தவர்கள் எண்ணெய்க் கையோடு சீட்டை மடித்துப் போட்டார்கள். எண்ணும்போதே தெரிந்துவிட்டது. பணம் ஜெயித்தது, ஒப்பந்தத் தொழிலாளர்கள் தோற்றார்கள். தோழர் சொன்னது அப்படியே பலித்தது.

ஆனால் ஒன்று உறுத்தியது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் யாரும் அந்தப் பெட்டியில் சீட்டுப் போடவில்லை. அவர்களிடம் நாங்கள் சந்தாவே வாங்கியதில்லை. ரசீது இல்லாதவனுக்கு ஓட்டு ஏது? 1905இல் சிகாகோவில் ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற தொழிற்சங்கத்தைத் தொடங்கியவர்கள், கைவினைஞன், மூட்டை தூக்குகிறவன் என்ற பேதமில்லாமல் ஒரு தொழிலுக்கு ஒரே சங்கம் என்றார்கள். நான் கேட்ட ஜனநாயகம் அதில் பாதிகூட இல்லை. எனக்கு வந்த 'சிண்டிகலிஸ்ட்' என்ற திட்டுக்கு நான் தகுதியானவன்கூட இல்லை.

எல்லோருக்கும் ரசீது போடலாம் என்று கமிட்டியில் சொன்னேன். "பேர் தெரிஞ்சா கான்ட்ராக்டர் மறுநாளே நிறுத்திடுவான். உங்க ஜனநாயகம் சோறு போடுமா?" என்று கேட்டார் தோழர். கேட்டுவிட்டு, அவரே ஒரு வழியும் சொன்னார். ரசீதில் பெயருக்குப் பதில் எண். பெயர்ப் பட்டியல் அவர் சட்டைப்பையில். யாரையாவது நிறுத்தினால் பக்கத்து ஆலைகளின் கேட்டிலும் கூட்டம். அதற்குக் கட்சி பேசும். கட்சியே தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் அது கற்றுக்கொண்ட வித்தை. சங்கத்தை மட்டும் நம்பியிருந்த என் மூளைக்கு எட்டியிருக்காது.

அப்படித்தான் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சங்கத்துக்குள் வந்தார்கள். அடுத்த பொதுக்குழுவில் அவர்கள் முதன்முதலாகக் கை தூக்கியது, மேல்கமிட்டி அனுப்பிய நிர்வாகிகள் பட்டியலுக்கு எதிராக.