அப்பாவின் போஃபர்ஸ் கோப்பு

2009இல் அப்பா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். வீட்டு வரி ரசீதுகளுக்கும் பழைய பஞ்சாங்கங்களுக்கும் அடியில் ஒரு கோப்பு இருந்தது. அட்டையில் அவர் கையெழுத்தில் 'போஃபர்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே பழுப்பேறிய செய்தித்தாள் நறுக்குகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தேதி.

1986இல் 410 பீரங்கிகளுக்காக ஏறத்தாழ 1437 கோடி ரூபாய்க்குப் போடப்பட்ட ஒப்பந்தம் அது. லஞ்சம் கைமாறியதாக 1987 ஏப்ரலில் சுவீடன் வானொலி அறிவித்தபோது அப்பா நறுக்கத் தொடங்கியிருக்கிறார். பின்னர் சென்னையின் இந்து நாளிதழில் சித்ரா சுப்ரமணியமும் என். ராமும் ஆவணங்களை வெளியிட்ட நாள்களில், காப்பியை ஆறவிட்டு அவர் படித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. எட்டாம் வகுப்பில் இருந்த என்னிடம், "ஆறு மாசத்துல உண்மை தெரிஞ்சிடும்" என்றார்.

சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்ததே 1990 ஜனவரியில்தான். சுவிட்சர்லாந்து வங்கிக் கணக்குகளின் ஆவணங்களைக் கேட்டார்கள். கணக்குக்கு உரியவர்கள் அந்நாட்டு நீதிமன்றங்களில் மாறி மாறி முறையிட்டார்கள். 1992இல் நம் வெளியுறவு அமைச்சர் மாதவ்சிங் சோலங்கியே, விசாரணைக்கு முட்டுக்கட்டையாக ஒரு குறிப்பை சுவிஸ் அமைச்சரிடம் கொடுத்துவிட்டு வந்து, அதனால் பதவி விலகினார். 1993இல் குவாத்ரோச்சி நாட்டைவிட்டுப் போனார். ஆவணங்கள் தில்லி வந்தது 1997 ஜனவரியில். குற்றப்பத்திரிகை 1999 அக்டோபரில்.

ஆச்சரியம் என்னவென்றால், இத்தனை வருடங்களில் 'விசாரிக்க மாட்டோம்' என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. பல காரணங்கள் நியாயமானவையும்கூட. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும்போதுதான் அநியாயம் தெரிகிறது.

கார்கில் போரில் அந்தப் பீரங்கிகள் சிறப்பாகச் செயல்பட்ட செய்தியையும் அப்பா நறுக்கி வைத்திருந்தார். ஓரத்தில், 'பீரங்கி நல்லதுதான். கணக்குதான் வரவில்லை' என்று எழுதியிருந்தார்.

தாமதம் குற்றவாளிக்கு மட்டுமே சாதகம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. குற்றம் சாட்டப்பட்ட வின் சத்தாவும் முன்னாள் பாதுகாப்புச் செயலர் பட்நாகரும் 2001இல், தீர்ப்பு எதுவும் கேட்காமல் இறந்தார்கள். ராஜீவ் காந்தி லஞ்சம் வாங்கியதற்கு ஆதாரமில்லை என்று தில்லி உயர்நீதிமன்றம் சொன்னது 2004இல். ஸ்ரீபெரும்புதூரில் அவர் கொல்லப்பட்டு ஏறத்தாழ பதின்மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. குற்றமுள்ளவர் தப்பினாரா, குற்றமற்றவர் களங்கத்தோடு போனாரா என்பதை இனி எந்த நீதிபதியாலும் நமக்குத் திருப்தியாகச் சொல்ல முடியாது.

2005இல் இந்துஜா சகோதரர்கள் மீதான குற்றச்சாட்டுகளையும் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. அதை எதிர்த்து சி.பி.ஐ. உச்சநீதிமன்றம் போனது 2018 பிப்ரவரியில். பன்னிரண்டு வருடங்களுக்கும் மேலான தாமதத்துக்குச் சொன்ன காரணம் ஏற்கத்தக்கதல்ல என்று அவ்வாண்டு நவம்பரில் மேல்முறையீடு தள்ளுபடியானது. தாமதத்தால் நலிந்த வழக்கு, கடைசியில் தாமதம் என்ற பெயராலேயே வாசலில் நிறுத்தப்பட்டது.

கோப்பில் 1988ஆம் வருட நறுக்குகள் ஒரு கட்டு இருக்கும். 1994க்கு இரண்டே இரண்டு. அப்பா சலித்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். செய்தித்தாள்களிலேயே அவ்வளவுதான் வந்திருக்க வேண்டும். அவருடைய கடைசி நறுக்கு 2006 ஜனவரி: முடக்கப்பட்டிருந்த குவாத்ரோச்சியின் லண்டன் வங்கிக் கணக்குகள் விடுவிக்கப்பட்ட செய்தி. பத்தொன்பது வருடங்கள் அந்த மனிதர் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறார்.

2018 நவம்பரில் அந்தத் தள்ளுபடிச் செய்தியை நான் கத்தரித்து, ஓரத்தில் தேதி எழுதிக் கோப்பில் வைத்தேன். அப்பாவின் வேலையை முடித்துவைத்த நிறைவு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதற்குப் பல வருடங்கள் முன்பே இந்த வழக்கை நான் மறந்துவிட்டிருந்தேன் என்பதுதான் அப்போது உறைத்தது. தாமதித்தவர்களுக்கு வேண்டியிருந்ததும் அதுவே.