குருதியின் சாட்சி

தொட்டிலை எட்டிப் பார்த்து, "தகப்பன் மூக்கு, தாயின் நெற்றி" என்று மூதாட்டியர் உரைத்த தீர்ப்பே நெடுங்காலம் உறவுக்குச் சான்றாக விளங்கிற்று. 1984-ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் என்னும் அறிஞர், டி.என்.ஏ.விலும் கைரேகைபோல் ஆளுக்கு ஆள் வேறுபடும் கோலங்கள் உண்டென்று கண்டார். ஒரே கருவில் உருவான இரட்டையர் மட்டுமே இதற்கு விலக்கு.

அக்கண்டுபிடிப்பு முதன்முதலில் துணைநின்றது ஒரு தாய்க்கே. கானா நாட்டிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிய சிறுவன் ஒருவனை, அங்கு வாழ்ந்த பெண்ணின் மகனல்லன் எனக் குடியேற்ற அதிகாரிகள் ஐயுற்றனர். 1985-இல் தாய், உடன்பிறந்தார் ஆகியோரின் குருதியோடு ஒப்பிட்டு, அவன் அவள் பெற்ற பிள்ளையே என்று ஜெஃப்ரிஸ் நிறுவினார்.

இதே சோதனை என் சிற்றன்னை மகளின் வாசலுக்கும் வந்தது. அயல்நாட்டில் பணிபுரியும் கணவரிடம் மகனோடு செல்ல அவள் விண்ணப்பித்தாள். கணவரின் பெயர் கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் மகனின் பள்ளிச் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருந்தது. நம்மவர் வீடுகளில் இது புதுமையா என்ன? ஆனால் மரபணுச் சோதனை முடிவு இருந்தால் நல்லது என்று கடிதம் வந்தது. "காக்கா, பெத்தவ நான் சொல்றது போதாதா?" என்று அவள் கேட்டபோது என் தமிழ் எனக்கு உதவவில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தார்கள், வலியில்லாத வேலைதான். முடிவு அவள் சொன்னபடியே வந்தது. விசாவும் கிடைத்தது. ஆயினும் அந்தத் தாளைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துவைக்க அவள் உடன்படவில்லை.

கல்முனையிலோ அதே தாளுக்காக ஒரு தாய் காத்திருந்தாள். 2004 ஆழிப்பேரலையில் பிரிந்த கைக்குழந்தை மருத்துவமனையில் இருந்தது. தமதென்று காட்ட வேண்டிய ஆவணங்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. நீதிமன்ற ஆணைப்படி நடந்த சோதனையின் முடிவு 2005 பிப்ரவரியில் வந்தது. குழந்தை பெற்றோர் கைக்குத் திரும்பியது.

விலங்குகளும் இச்சோதனைக்குத் தப்பவில்லை. நாயின் இனக்கலப்பை அறிய அதன் உமிழ்நீரை எடுத்து அனுப்புவோர் இன்று பலர். 1994-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஒரு பெண் கொலையுண்டாள். அவள் குருதி படிந்த தோல்சட்டையில் வெள்ளை மயிர்கள் ஒட்டியிருந்தன. அவளைப் பிரிந்து வாழ்ந்த கணவன் இருந்த வீட்டில் 'ஸ்நோபால்' என்னும் வெள்ளைப் பூனை வளர்ந்தது. அதன் குருதியோடு அம்மயிர்கள் பொருந்தின. 1996-இல் அவன் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. பூனைச் சகுனத்தை அவனிடம்தான் கேட்க வேண்டும்!

குற்றவாளியைத் தேடுவது வேறு. குடும்பத்துள் ஐயத்தை ஏவுவது வேறு. நம் சட்டம் இதனை உணர்ந்தே இருக்கிறது. செல்லத்தக்க திருமணத்தின்போது பிறந்த பிள்ளை அக்கணவனுக்குரியதே என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 112-ஆம் பிரிவில் கொண்டது. கணவனும் மனைவியும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று மெய்ப்பித்தாலொழிய அதை மறுக்க இயலாது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும் இவ்விதியை விடவில்லை. கேட்டவுடன் குருதிச் சோதனைக்கு ஆணையிடலாகாது என்று உச்சநீதிமன்றம் 1993-இல் கூறியது. 2023-இல், கணவன் மனைவி பூசலுக்காகக் குழந்தையை வழக்கமாக இச்சோதனைக்கு உட்படுத்தலாகாது என்றது. அவ்வழக்கில் அந்தச் சிறுவன் எத்தரப்பிலும் வாதியாகவோ பிரதிவாதியாகவோ இல்லை.