நாலு மணி நேரம்தானே!

மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரம்னு கூகுள்ல தேடிப் பாருங்க. நாலு மணி நேரம்னு வரும். வான்வழித் தூரம் சுமார் 3000 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகம்னா மூன்றரை மணி நேரம், ஏற, இறங்க மிச்சம். கணக்கு சரிதான்.

டிக்கெட்டைப் பார்த்தா குழம்பிடுவீங்க. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னாடி. அதனால போகும்போது ஆறரை மணி நேரம் மாதிரியும், வரும்போது ஒன்றரை மணி நேரம் மாதிரியும் தெரியும். சின்ன வயசுல, சித்தப்பா ராக்கெட்லதான் வர்றார்னு நம்பினேன்.

சித்தப்பா அங்க வெல்டர். எங்க ஊர் இருக்கன்குடி. மாரியம்மன் கோயிலுக்கு வந்திருப்பீங்க. மதுரை ஏர்போர்ட் இங்கிருந்து சுமார் 70 கி.மீ.

தாத்தா இறந்தது ஒரு ராத்திரி. மறுநாள் மதுரை விமானத்தில் சீட் இல்லை. லீவு வாங்கி, கடன் வாங்கி, சென்னை டிக்கெட் போட்டார். சென்னையிலிருந்து சாத்தூர் 500 கி.மீ.க்கு மேல, அதுவும் கார்ல. பொழுது சாயுறதுக்குள்ள எடுக்கணும்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. ஃப்ரீசர் பாக்ஸ் பக்கத்துல அப்பா போனும் கையுமா நின்னார். "திருச்சி தாண்டிட்டேன்"னு சித்தப்பா சொன்னப்போ, இங்க பாடை கட்டி முடிச்சாச்சு. முகம் பார்க்க முடியல.

கிளம்பினதுல இருந்து வீட்டு வாசல் வரை இருபது மணி நேரம்.

இப்போ எனக்கும் ஒரு சிங்கப்பூர் கம்பெனி இன்டர்வியூ வந்திருக்கு. அம்மா சம்பளம் கேட்கல. "வர எத்தனை மணி நேரம்டா ஆகும்?"னாங்க.

இருபதுன்னு சொன்னேன். இன்டர்வியூ அடுத்த வாரம்.