டாக்டர்கள் மாநாட்டில் ஒரு பேங்க்காரன்

பி.காம். படித்தவனுக்குக் குழந்தை டாக்டர்கள் மாநாட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆஸ்பத்திரி கட்டவும் மெஷின் வாங்கவும் டாக்டர்களுக்குக் கடன் கொடுப்பது எங்கள் பேங்கின் வியாபாரத்தில் ஒரு பகுதி. டாக்டர்கள் கூடும் இடத்தில் ஒரு ஸ்டால் போட்டு, பின்னால் ஒரு பேனர் கட்டி, மேஜையில் நோட்டீஸும் பேனாவும் சாக்லேட்டும் பரப்பி வைத்து உட்கார ஒரு ஆள் வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு, நான் பிழைக்க வந்திருக்கும் இந்த வடநாட்டு ஊரில், டிசம்பர் குளிரில், அந்த ஆள் நான்.

பச்சிளங்குழந்தை வைத்தியர்களுக்கு என்று தனியாக ஒரு சங்கம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நேஷனல் நியோனாட்டாலஜி ஃபோரம் என்று பெயர். 1980-ல் தொடங்கியது. பிறந்து 28 நாள் வரைக்குமான குழந்தைகள்தான் இவர்கள் கணக்கு. வருடம்தோறும் 'நியோகான்' என்று தேசிய மாநாடு நடத்துகிறார்கள். மாநிலக் கிளைகளும் தனியாகக் கூட்டம் போடுகின்றன. ஆஸ்பத்திரிகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவைப் பார்த்துத் தரச்சான்று கொடுப்பதும் இந்தச் சங்கத்தின் வேலைகளில் ஒன்று.

ஸ்டால்கள் இருந்த ஹாலைப் பார்த்தால் கார் கண்காட்சி மாதிரி இருந்தது. குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர், கண்ணாடிப் பெட்டியான இன்குபேட்டர், மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு, மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் சிபாப், வென்டிலேட்டர்... ஒவ்வொன்றின் பக்கத்திலும் டை கட்டிய ஒரு பையன். அவன் விலை சொல்லுவான், டாக்டர் முகம் சுருங்கும், உடனே நான் இங்கிருந்து சிரிப்பேன். ஏழு வருடத் தவணை சார், வட்டி இவ்வளவுதான் சார். (நமக்கும் டார்கெட் இருக்கே மக்கா!)

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹால் காலியாகிவிடும். எல்லோரும் உள்ளே சொற்பொழிவுக்குப் போய்விடுவார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஹீட்டர் இருந்தது என்பது உபரி காரணம்.

அன்று பேச்சு கங்காரு பராமரிப்பைப் பற்றி. எடை குறைந்து பிறந்த குழந்தையை, டயப்பரும் தொப்பியும் காலுறையும் மட்டும் போட்டு, தாயின் வெறும் நெஞ்சின் மேல் நிமிர்த்தி வைத்து, துணியால் கட்டிவிடுவது. அவ்வளவுதான். 1978-ல் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில், எட்கர் ரே என்ற டாக்டர் ஆரம்பித்தது. அடுத்த வருடம் ஹெக்டர் மார்டினெஸ் என்ற டாக்டரும் சேர்ந்துகொண்டார். ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போடும் நிலைமை, ஒன்றின் கிருமி இன்னொன்றுக்கு. வேறு வழியில்லாமல் தாயிடம் கொடுத்தார்கள்.

வேறு வழியில்லாமல் வந்த வைத்தியம் என்றால் ஏழைகள் வைத்தியம் என்றுதானே நினைப்போம்? அதற்குத்தான் அந்த டாக்டர் ஒரு கணக்கைத் திரையில் போட்டார். கணக்கு என்றால் நமக்குத் தூக்கம் போய்விடும், பழக்கதோஷம்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஒரு ஆராய்ச்சி நடத்தியது. நம் நாட்டில் டில்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3,211 குழந்தைகள். ஒரு பாதிக்கு வழக்கமான முறை: முதலில் வார்மர் அல்லது இன்குபேட்டர், உடம்பு தேறியபின் தாயின் நெஞ்சு. மறு பாதிக்குப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சு. ஒரு நாளில் சுமார் 17 மணி நேரம். 28 நாள் முடிவில் முதல் பாதியில் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்திருந்தன. இரண்டாவது பாதியில் 12. இவ்வளவு வித்தியாசம் தெரிந்தபிறகு பாதிக் குழந்தைகளுக்கு இதைக் கொடுக்காமல் இருப்பது சரியில்லை என்று ஆராய்ச்சியையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2021-ல் முடிவு வெளியானது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதமாகவோ எடை குறைந்தோ பிறக்கும் குழந்தைகளுக்கு இதை உடனே தொடங்குங்கள், ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை என்று பரிந்துரைத்தது.

இதற்காக அந்த ஆஸ்பத்திரிகளில் செய்த பெரிய மாற்றம் என்ன தெரியுமா? குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கு ஒரு கட்டில் போட்டார்கள். பிரசவ ரத்தம் காயாத தாய்க்கான வைத்தியத்தையும் அங்கேயே கொண்டுவந்து செய்தார்கள். கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தவளை உள்ளே விட்டார்கள்.

இதன் உள்வேலை எளிது. குறைமாதக் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு இல்லை, சூடு சட்டென்று இறங்கிவிடும். தாயின் நெஞ்சு அந்தச் சூட்டைக் கொடுக்கிறது. மூச்சும் இதயத் துடிப்பும் ஒரு நிதானத்துக்கு வருகின்றன. தாய்க்குப் பால் அதிகம் ஊறுகிறது. தாயின் உடம்பில் வழக்கமாக இருக்கும் கிருமிகள் குழந்தை மேல் குடியேறிவிட, ஆஸ்பத்திரியின் முரட்டுக் கிருமிகளுக்கு இடம் குறைகிறது.

வெளியே ஹாலில் இருந்த எல்லாவற்றுக்கும் நான் கடன் கொடுக்க முடியும். இதற்கு மட்டும் ஸ்டால் இல்லை, விலைப்பட்டியல் இல்லை, தவணையும் இல்லை.

இன்னொரு சின்ன சந்தோஷம். உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குப் பால் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது ஒரு பஞ்சாபி டாக்டர் 'பலாடாய், பலாடாய்' என்றார். என்னடா இது என்று பார்த்தால் நம்ம பாலாடை! நம் பாட்டிமார் பால் புகட்டிய, மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம். இந்தியா முழுக்க டாக்டர்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள். வடநாட்டுக் குளிரில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதில் காப்பி குடித்த மாதிரி இருந்தது.

இதெல்லாம் ஏதோ பொது அறிவு என்று நினைத்து விட்டிருப்பேன். அடுத்த ஜூன் மாதம் அது வீட்டு விஷயமாகிவிட்டது.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். 1956 நவம்பர் 1-ல் கோடு போட்டபோது விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எங்கள் தாத்தா காலையில் எழுந்து பார்த்தபோது அவருடைய பெண் கொடுத்த வீடு வேறு மாநிலம்! நாங்கள் வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். வயிற்றுவலிக்கு நெய்யூர், எலும்பு முறிந்தால் ஆசாரிபள்ளம், பிரசவம் கொஞ்சம் சிக்கல் என்றால் வடக்கே பஸ் ஏறித் திருவனந்தபுரம். அங்கே குழந்தைகளுக்கு என்றால் எல்லோர் வாயிலும் வருவது எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி. ஆறு வயதில் இறந்துபோன அவிட்டம் திருநாள் இளவரசரின் பெயரில் 1952-ல் திறந்தது.

என் அக்கா மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மருமகன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். 31-வது வாரத்திலேயே ரத்த அழுத்தம் ஏறி, திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. 1,380 கிராம்.

மறுநாள் ராத்திரி பதினொரு மணிக்கு அக்காவின் போன்.

"லே தம்பி, பிள்ளைய கண்ணாடிப் பெட்டியில இருந்து எடுத்துத் தள்ளைக்க நெஞ்சில கெட்டி வைக்கணுமாம்டே. அவளே வயித்த கீறின பச்ச உடம்புக்காரி. இது என்ன ஆசுத்திரி? பைசா இல்லாதவனுக்கு உள்ள வைத்தியமாட்டுல்லா இருக்கு? நல்ல பெட்டி உள்ள எடத்துக்கு மாத்தணும். மூணு லட்சம் வேணும். மாப்பிள பாதி தாறேன்னு சொல்லியாச்சு. மீதிய நீ நாளைக்கே அனுப்பு."

மருமகனும் உடனே கான்ஃபரன்ஸ் காலில் வந்தான். "மாமா, பைசா பிரச்சினையே இல்ல. எனக்குப் பிள்ள வேணும்." குரல் உடைந்துவிட்டது. ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் ஒரு ரூமில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அனுப்பத் தெரிந்தது அது ஒன்றுதான். நம் எல்லோர் கதையும் அதுதானே?

அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். மாற்றச் சொல்லி டாக்டர் சொன்னாரா? இல்லை. "சொன்னா இந்த நிமிஷமே மாத்துவோம் அக்கா, பைசா ரெடி. ஆனா டாக்டர்கிட்ட நான் பேசணும்." காலையில் டியூட்டி டாக்டர் பேசினார். குழந்தை தானாக மூச்சு விடுகிறது, வென்டிலேட்டர் தேவையில்லை, இதைவிடப் பெரிய பெட்டி எதுவும் இப்போது உதவாது, தாய்தான் வேண்டும் என்றார். மாநாட்டில் கேட்ட அதே 15.7, 12 கணக்கை நான் சொன்னதும் ஒரு நிமிஷம் சத்தமில்லை. "சார் நீங்களும் டாக்டரா?" என்றார். பேங்க் என்றேன்.

அக்காவுக்குக் கணக்கு வேலைக்கு ஆகாது. அவளிடம் வேறு மாதிரி சொன்னேன். ஸ்வீடன் மாதிரிப் பணம் கொழித்த நாட்டிலும் இதைத்தான் செய்கிறார்கள். பெட்டிக்கு ஒரு சூடுதான் தெரியும், தள்ளைக்குப் பிள்ளையையே தெரியும். நம்ம அம்மை கோழிக்குஞ்சை மடியில் வைத்துக் காப்பாற்றியது உனக்கு நினைவில்லையா? கடைசியில் அந்தக் கோழிக்குஞ்சுதான் ஜெயித்தது.

ஆனால் அவள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. வயிற்றில் தையலோடு ஒருத்தி எத்தனை மணி நேரம் அப்படியே சாய்ந்திருப்பாள்? அவள் தூங்க வேண்டாமா, சாப்பிட வேண்டாமா? அதற்கும் பதில் அந்தப் பேச்சிலேயே இருந்தது. தாய்க்கு முடியாத நேரத்தில் அப்பா வைத்துக்கொள்ளலாம், பாட்டி வைத்துக்கொள்ளலாம். குளித்து, சுத்தமாக, காய்ச்சல் சளி இல்லாமல் இருந்தால் போதும். முதல் பாட்டி டியூட்டி அக்காவுக்கே விழுந்தது. சாயங்காலம் மூன்று மணி நேரம், விடியற்காலை மூன்று மணி நேரம். வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தவள் மூன்றாம் நாள் என்னிடம், "லே, அது நெஞ்சில கெடந்து மூச்சு விடுகது எனக்குக் கேக்குடே" என்றாள். அதற்குப் பிறகு மூன்று லட்சத்தைப் பற்றிப் பேச்சில்லை.

ஆனால் வேறொரு செலவு செய்தோம். மருமகனுக்கு லீவு இல்லை, போட்டால் சம்பளம் இல்லை. ஊரில் வீட்டுக்கடன் ஓடுகிறது. "நீ லீவு போடு, இந்த மாசத் தவணையும் டிக்கெட்டும் என் கணக்கு" என்றேன். பன்னிரண்டாம் நாள் வந்து இறங்கினான். அன்று ராத்திரியே சட்டையைக் கழற்றி உட்காரவைத்துவிட்டார்களாம். அக்கா அனுப்பிய போட்டோவில் அவன் ஏசிக்கு அடியில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருக்கிறான் :-)

26-வது நாள் குழந்தை வீட்டுக்கு வந்தது, 1,840 கிராம். வந்தும் கங்காரு நிற்கவில்லை. குழந்தை தானே முண்டி வெளியே வரும்வரை தொடர்ந்தார்கள். இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள். அங்கே மலையாளம், வீட்டில் தமிழ், கோபத்துக்கு இரண்டும்.

எங்கள் ஒரு குழந்தையை வைத்து வைத்தியத்துக்குச் சான்று சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். நெஞ்சில் வைத்தும் நூற்றுக்கு 12 குழந்தைகள் அந்த ஆராய்ச்சியில் போய்விட்டன. மெஷின் தேவைப்படும் குழந்தைக்கு மெஷின்தான் வேண்டும். கேரளத்தில் 2020 கணக்கின்படி பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் முதல் 28 நாளில் இறந்தது 4, தமிழ்நாட்டில் 9, நாடு முழுக்கப் பார்த்தால் 20. அதற்குப் பின்னால் ஆஸ்பத்திரியும் மெஷினும் படித்த நர்சுகளும் இருக்கிறார்கள். அதே 2020-ல் இந்தியாவில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சுமார் 30 லட்சம். அதில் ஒன்று நம் வீட்டிலும் பிறக்கலாம். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஊரிலிருந்து அப்படி ஒரு போன் வந்தால், எவ்வளவு பணம் என்று கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். குழந்தையைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார்? தாயை உள்ளே விடுகிறார்களா, எத்தனை மணி நேரம்? நெஞ்சில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்களா? தாய்க்கு மாற்று ஆள் யார்? சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடாமல் பாலாடையிலோ குழாயிலோ கொடுக்கிறார்களா? தேன், சர்க்கரைத் தண்ணீர் என்று யாரும் நாக்கில் தடவாமல் பார்த்துக்கொள்கிறார்களா? ஒரு மாதத்துக்குள் கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்தாரா? குறைமாதக் குழந்தைகளுக்கு இது ரொம்ப முக்கியம், தவறினால் பார்வையே போகலாம். காது பரிசோதனையும் அப்படித்தான்.

நம்மைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்குப் பணம் அனுப்ப யாரும் சொல்லித்தர வேண்டாம். ரெண்டு பட்டன் அழுத்தினால் போய்விடும், அந்த வேலையில் இருப்பவன்தான் சொல்கிறேன். நெஞ்சை அனுப்ப முடியாது, ஆள்தான் போகவேண்டும். அப்பாவாக இருந்தால் லீவு போடுங்கள். மாமாவோ சித்தப்பாவோ என்றால், அந்த அப்பா லீவு போட்டால் எந்தத் தவணை நிற்கும் என்று கேட்டு, அதைக் கட்டுங்கள்.